மயிர்க்காலும் தலைத்தோல் நலமும்

தமிழ்ப் புலமையுலகிற் பெரிதும் பேசப்பட்ட வழக்குகளுள் ஒன்று கூந்தலைப் பற்றியது. மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையாக உண்டோ, அன்றிப் பூவினாலும் சாந்தினாலும் வந்து சேர்வதோ என்னும் வினாவே அது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைப் பற்றி எழுந்த இவ்வழக்கைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. பாடியவன் இறைவன் என்றும் பாராது நக்கீரர் குற்றங்கூறி நின்ற வரலாற்றைப் புராணபடனங் கேட்டு வளர்ந்த நம் மக்கள் நன்கறிவர். அதன் சமயச் சிறப்பும் இலக்கியச் சிறப்பும் ஒருபுறம் நிற்க, உடலியல் சார்ந்த கூரிய வினா ஒன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றது. கூந்தல் தானே ஒரு பொருளை ஆக்கி வெளியிடவல்ல உயிருள்ள உறுப்பா, அன்றி உயிரற்ற இழையா? இதற்கு விடை காண்போமாயின், தலைமயிரைக் காப்பதற்கென்று நாம் செய்வனவற்றுள் எவை பயனுடையன, எவை பயனற்றன, எவை தீங்கு பயப்பன என்பது தானே விளங்கும்.

விடையைச் சுருங்கக் கூறின், தலைக்கு வெளியே நாம் காணும் மயிர் உயிரற்றது. தோலினுள்ளே மறைந்திருக்கும் மயிர்க்கால் உயிருள்ளது. மயிருக்கென்று மணமில்லை. ஆனால் மயிர்க்காலோடு ஒட்டிய நெய்ச்சுரப்பி சுரக்கும் நெய்யும், வியர்வையும், அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு மணத்தைத் தருகின்றன. எனவே, மணம் இயற்கையே என்றவர்க்கும் பாதி வெற்றி. கூந்தல் தானே மணக்காது என்றவர்க்கும் பாதி வெற்றி என்று விஞ்ஞானம் தீர்ப்புக் கூறும்.

இப்பொருளைத் தமிழிலே ஆராய்வதற்கு யாழ்ப்பாணத்துக்கு இரட்டை உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தரசர் காலத்து மருத்துவ மரபில் எழுந்த பரராசசேகரம் என்னும் பெருநூல் சிரரோகத்தைத் தனிப்பகுதியாக வகுத்து ஆராய்கின்றது. அந்நூலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பகுதி பகுதியாகப் பதிப்பித்து அழியாது காத்தார்கள். மற்றொருபுறம், 1847இல் இங்கு வந்து மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்கி, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலைப் பற்றிய அறிவு தாய்மொழியில் மக்களைச் சென்றடைதல் வேண்டும் என்பதே அவ்விரு முயற்சிகளும் நமக்குக் காட்டும் வழி.

மயிர்க்காலின் அமைப்பு

நம் தோலை மேற்றோல், உட்டோல் என இரு படைகளாகப் பகுப்பர். மேற்றோல் சிற்சில இடங்களில் உள்நோக்கி மடிந்து, கையுறையின் விரல்போல உட்டோலினுள்ளே இறங்குகின்றது. அவ்வாறிறங்கிய ஆழ்ந்த குழாயே மயிர்க்கால். அதன் அடிப்பகுதி நம் தோட்டத்து வெங்காயம்போலப் பருத்திருக்கும். அப்பருத்த பகுதியின் அடியிலே சிறு முளை ஒன்று நுண்ணிய குருதிக்கலன்களோடு புகுந்து நிற்கின்றது. மயிருக்கு வேண்டிய உணவும் ஒட்சிசனும் இம்முளை வழியாகவே வந்து சேர்கின்றன. முளையைச் சூழ்ந்துள்ள கலங்கள் நம் உடலில் மிக விரைந்து பிரிந்து பெருகும் கலங்களைச் சேர்ந்தவை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றால் மயிர் உதிர்வது இதனாலேயே. விரைந்து பெருகும் கலங்களைத் தாக்கும் அம்மருந்துகள் நோய்க்கலத்தையும் மயிர்க்கலத்தையும் வேறுபடுத்தி அறியா.

இக்கலங்கள் மேலே தள்ளப்படுந்தோறும் கெரற்றின் என்னும் உறுதியான புரதத்தால் நிறைந்து, கடினமாகி, உயிர் நீங்குகின்றன. தோலின் மேல் வெளிப்படும்போது அவை முற்றும் இறந்த இழையாகிவிடுகின்றன. ஓட்டின்மேல் ஓடு வேய்ந்தாற்போன்ற செதில்கள் அவ்விழையை வெளியே போர்த்திருக்கின்றன. கருமையைத் தருவன அடியிலுள்ள நிறக்கலங்கள். அவை ஓயும்போது நரை தோன்றுகின்றது.

மயிர்க்காலின் பக்கத்திலே நெய்ச்சுரப்பியும் சிறு தசை ஒன்றும் உள்ளன. அச்சமும் குளிரும் வியப்பும் வந்துற்றபோது அத்தசை சுருங்க, மயிர் நிமிர்கின்றது. அடியார்கள் மயிர்க்கால்தோறும் அனுபவித்ததாகப் பாடும் மெய்ப்புளகத்துக்கு உடலிலே அமைந்த கருவி இதுவே. அத்தசை வந்து பற்றும் இடத்திலே மயிர்க்கால் சிறிது புடைத்திருக்கும். மயிரை மீண்டும் மீண்டும் தோற்றுவிக்கும் மூலக்கலங்கள் அங்கேதான் உறைகின்றன என்பதை 1990இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். இது பெரிதும் பயன்தரும் உண்மை. அடிப்பகுதி பழுதுற்றாலும் மூலக்கலங்கள் உயிரோடிருப்பின் மயிர் மீண்டும் முளைக்கும்; மூலக்கலங்கள் அழிந்து அவ்விடம் தழும்பாகிவிட்டால் ஒருபோதும் முளையாது. விதைநெல் உள்ளவரை வயலைத் திருத்தலாம். விதைநெல்லையே இழந்தவன் செய்வதென்ன?

தலையிலே ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்களும், உடல் முழுவதிலும் ஏறத்தாழ 50,00,000 மயிர்க்கால்களும் இருக்கின்றன. இவை யாவும் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் புதியன தோன்றுவதில்லை என்பதே பொதுவிதி. ஆகவே, புதிய மயிர்க்கால்களை உண்டாக்குவோம் என்று கூறும் எண்ணெய் விளம்பரம் எதுவாயினும் அஃது இயற்கைக்கு மாறானது.

பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும்போது குழந்தைக்கு மொட்டையடிப்பது நம் வழக்கம். அவ்வாறு மழித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பர் பலர். கத்தி அறுப்பது இறந்த இழையை; மயிர்க்கால் அதனை அறியாது. மழித்தல் வளர்ச்சியின் விரைவையோ பருமனையோ மாற்றுவதில்லை என்பதை அமெரிக்க உடற்கூற்றறிஞர் மில்ட்றெட் றொற்றர் 1928இலேயே அளந்து காட்டினார். இயல்பான மயிரின் நுனி கூரியது. அறுத்த மயிரின் நுனி மழுங்கியது. அதனால் அது தடித்ததுபோலத் தோன்றும். சமயக் கிரியையைச் சமயக் கிரியையாகவே செய்வோம். மயிர் வளர்க்கும் உபாயமாகக் கொள்ள வேண்டுவதில்லை.

வளர்தலும் உதிர்தலும்

ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு போகம் உடையது. வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டு வரையும், ஒடுங்குபருவம் 2 அல்லது 3 வாரமும், ஓய்வுபருவம் ஏறத்தாழ 3 மாதமும் நீடிக்கும். ஓய்வின் முடிவிலே பழைய மயிர் உதிர, அதே காலிலிருந்து புதிய மயிர் எழுகின்றது. எந்நேரத்திலும் நூற்றுக்கு 85 முதல் 90 வரையான மயிர்கள் வளர்பருவத்தில் இருக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. தலையினின்று வீழ்ந்த மயிரை இழிவுக்கு உவமையாக்கினார் வள்ளுவர். வீழ்ந்தது இழிந்ததாயினும் அது விட்டு வந்த இடம் வெறிதன்று என்பதை அறிந்தால், சீப்பிற் கண்ட சில மயிருக்காக ஒருவர் உறக்கத்தை இழக்கமாட்டார்.

ஆயினும் சில வேளைகளில் கைப்பிடி கைப்பிடியாக மயிர் கழல்வதுண்டு. டெங்கு, நெருப்புக் காய்ச்சல் முதலிய கடுஞ்சுரங்கள், பிரசவம், சத்திர சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் மெலிதல், பெருந்துயர் ஆகியவற்றால் மயிர்க்கால்கள் பல ஒருங்கே ஓய்வுபருவத்துட் புகுகின்றன. ஓய்வு 3 மாதமாதலின், உதிர்தல் 2 அல்லது 3 மாதங் கழித்தே வெளிப்படும். காரணமும் காரியமும் இவ்வாறு காலத்தாற் பிரிந்திருப்பதால், மக்கள் மாசியிற் கண்ட சுரத்தை மறந்து சித்திரையில் மாற்றிய சவர்க்காரத்தைப் பழிக்கின்றனர். மூலக்காரணம் நீங்கியிருப்பின் சில மாதங்களில் மயிர் தானே வளர்ந்துவிடும். அவ்வேளையில் ஏதோ ஓர் எண்ணெயைப் பூசியவர் அவ்வெண்ணெயே வளர்த்தது என்று உறுதியாக நம்புவர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையே இது.

இளம்பெண்களிடத்தே நெடுநாள் நீடிக்கும் உதிர்தலுக்கு இரும்புக் குறைபாடு ஒரு காரணமாதல் கூடும். முருங்கையிலை, கீரை, பயறு, மீன், முட்டை ஆகியவற்றை உண்பதும், நெல்லிக்காயோ தேசிப்புளியோ உணவோடு சேர்ப்பதும் நலம். அவற்றிலுள்ள விற்றமின் சீ மரக்கறியில் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். உணவுடனே தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். குருதியைச் சோதித்துக் குறை கண்டபின் மருந்துண்பதே முறை. விற்றமின் ஏ மிகுந்தால் அதுவே மயிரை உதிர்க்கும் ஆதலின், மாத்திரைகளைத் தம் மனம்போல் விழுங்குதல் ஆகாது.

சில நோய்கள்

ஆடவர்க்கு வரும் வழுக்கையிலே மயிர்க்கால்கள் அழிவதில்லை, சுருங்குகின்றன. பருத்த மயிரைத் தந்த கால் போகத்துக்குப் போகம் மெலிந்த மயிரைத் தந்து, ஈற்றிலே பூனைமயிரை மாத்திரம் தரும். ஆண் ஓமோனும் பரம்பரையும் கூடியே இதனைச் செய்கின்றன என்பதை 1942இல் ஜேம்ஸ் ஹமில்ற்றன் என்பார் நிறுவினார். தாய்வழி, தந்தைவழி இரண்டினாலும் இவ்வியல்பு வரலாம். மினொக்சிடில், பினஸ்ரறைட் என்னும் மருந்துகள் ஓரளவு பயன் தருகின்றன. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். பின்னையதைக் கருவுற்ற மகளிர் உட்கொள்ளவே கூடாது. இவற்றை மருத்துவர் கூறியபடியே கையாளவேண்டும்.

திடீரெனக் காசு வட்டம்போல மயிர் கழன்று தோல் மழமழப்பாதலை நம்மவர் புழுவெட்டு என்பர். பெயரே பிழையான வழியிற் செலுத்துகின்றது. புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய குருதியின் வெண்கலங்கள் தம் உடலின் மயிர்க்கால்களையே பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது அது. மற்றவர்க்குத் தொற்றாது. சிறு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டினுள்ளே தாமே நிரம்பும். புழுவைக் கொல்வதாக எண்ணி உறைப்பான பொருள்களைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவோர், மீளக்கூடிய நோயைத் தழும்பாக்கி மீளா நிலைக்குக் கொண்டுசெல்கின்றனர். தலை முழுவதும் பரவிய கடுநிலைக்கு 2022 முதல் புதிய உள்மருந்துகள் மேனாடுகளில் அங்கீகாரம் பெற்றுள்ளன.

சிறுவர் தலையிற் செதிலோடு மயிர் ஒடிந்து குட்டையாக நிற்குமாயின் அது பெரும்பாலும் பங்கசுப் படர்தாமரை. அது தொற்றக்கூடியது. பங்கசு மயிர்க்காலினுள்ளும் இழையினுள்ளும் புகுந்திருப்பதால் மேற்பூச்சு மட்டும் போதாது, உள்மருந்து வேண்டும். காலந்தாழ்த்திச் சீழ்க்கட்டியாக விட்டால் தழும்பு நிலைத்துவிடும்.

பொடுகு யாவரும் அறிந்தது. மலசீசியா என்னும் மதுவம் எல்லோர் தலையிலும் வாழ்வது. நெய்ச்சுரப்பியின் நெய்யே அதன் உணவு. அது நெய்யைப் பகுக்கும்போது எஞ்சும் அமிலம் சிலருடைய தோலை உறுத்த, தோல் விரைந்து செதிலாக உதிர்கின்றது. தலை வறண்டதால் பொடுகு வந்தது என்றெண்ணி எண்ணெயை ஊறவிடுவோர் அம்மதுவத்துக்கு விருந்து வைக்கின்றனர். கீற்றோகொனசோல், செலீனியம் சல்பைட் முதலியன சேர்ந்த ஷாம்புவைத் தலைத்தோலில் 5 நிமிடம் வைத்திருந்து கழுவுவதே தக்க பரிகாரம்.

நம் கிணற்றுநீரும் நம் முழுக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கற் படையில் ஊறி நிற்கும் நிலத்தடி நீரே நமக்கு உயிர்நிலை. அந்நீர் கல்சியமும் மகனீசியமும் கரைந்த வன்னீர். சவர்க்காரம் வன்னீரோடு சேரும்போது கரையாத வெண்கழிவு உண்டாகி மயிரிலே படிகின்றது. மயிர் பிசுபிசுத்துச் சிக்குறுவதும் ஒளி மழுங்குவதும் இதனாலாகும். ஆயினும் இப்படிவு இறந்த இழையையே பற்றுவது. கிணற்றுநீரால் வழுக்கை வந்தது என்று கூறுதற்குத் தக்க சான்றில்லை.

ஆடவர் புதனும் சனியும், மகளிர் செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயாக்காய் வைத்து முழுகிய நம் முன்னோர் வழக்கை இவ்விடத்தே சீர்தூக்கிப் பார்த்தல் தகும். சீயாக்காயின் நுரை சவர்க்காரத்தால் வந்ததன்று. சப்போனின் என்னும் பொருளால் வந்தது. அது வன்னீரிலும் வெண்கழிவைத் தராது. அதன் மென்புளிப்பும், ஈற்றில் நீர்கலந்து ஊற்றும் தேசிப்புளியும், படிந்த சுண்ணத்தைக் கரைத்து மயிரின் செதில்களைப் படியச் செய்கின்றன. வன்னீர் நாட்டினர்க்கு இதனினும் ஏற்ற முறை அக்காலத்தில் இல்லை. இக்காலத்து ஷாம்புவும் வன்னீரில் வெண்கழிவு தருவதில்லை. ஆதலின் இரண்டும் ஏற்புடையனவே. தேசிப்புளியை நீர் கலவாது தேய்த்து வெயிலிற் செல்லுதல் மட்டும் கூடாது. தோல் வெந்து கறுத்துவிடும்.

எண்ணெயின் பயனையும் அளந்தே கூறவேண்டும். தேங்காயெண்ணெய் மயிரிழையினுள் ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கின்றது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அங்ஙனஞ் செய்யவில்லை என்றும் 2003இல் இந்திய ஆய்வாளர் காட்டினர். ஆகவே எண்ணெய் இழைக்குக் காப்பு, மயிர்க்காலுக்கு உணவன்று. செடிக்கு நீர் வார்ப்பதுபோலத் தலைக்கு எண்ணெய் வார்த்தல் என்னும் உவமை அழகியதே, ஆனால் பொருந்தாது. மயிர்க்கால் உண்பது குருதியின் வழியாகவே.

பள்ளியும் தலையும்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் சிந்திக்க வேண்டிய சில செய்திகள் உள. நம் மாணவியர் காலையில் முழுகி, ஈரம் புலராத கூந்தலை இறுகப் பின்னி இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கு வருகின்றனர். நனைந்த மயிர் வலுக்குறைந்தது. இழுத்தால் நீண்டு அறும். நாள்தோறும் இறுகப் பின்னுவதால் நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் மயிர்க்கால்கள் இழுபட்டு, முதலில் மீளக்கூடிய உதிர்தலும், ஆண்டுகள் செல்ல மீளாத தழும்பும் உண்டாகும். 1907இல் கிறீன்லாந்துப் பெண்களிடத்தே முதன்முதல் விவரிக்கப்பட்ட இக்குறை, இறுகக் கட்டும் வழக்கம் எங்குண்டோ அங்கெல்லாம் உண்டு. ஒழுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. தளரப் பின்னினாலும் ஒழுங்கு கெடாது. பின்னலால் நெற்றியோரம் நோகுமாயின் அப்பின்னல் இறுக்கம் மிகுந்தது என்பதே அளவுகோல்.

பேன் பற்றியும் சில சொல்லல் வேண்டும். அது தலையோடு தலை நெருங்குவதாற் பரவுவது, அழுக்கின் அடையாளமன்று. துப்புரவான தலையிலும் அது வாழும். சிலர் மண்ணெண்ணெய் பூசுகின்றனர். அது தோலைப் பொசுக்கும். அடுப்பண்டை சென்றால் உயிருக்கே இறுதி பயக்கும். ஈரக் கூந்தலை வழுக்குந் தைலமிட்டு நெருங்கிய பற்சீப்பால் சில நாட்களுக்கொருமுறை இரண்டு மூன்று வாரம் வாருதல் வேண்டும். அல்லது மருத்துவர் தரும் மருந்தை இட்டு, ஈர் பொரிக்கும் காலமாகிய 7 முதல் 10 நாளின்பின் மீண்டும் இடுதல் வேண்டும். வீட்டார் அனைவரும் ஒருங்கே செய்யாவிடின் பயனில்லை. பேன் கண்ட பிள்ளையை வகுப்பிலே நாணச் செய்வதும், அவளுடைய கூந்தலைத் தண்டனைபோல் வெட்டுவதும் நோயினும் கொடிய செயல்கள். புழுவெட்டுக் கண்ட சிறுவனைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதும் அத்தகையதே. மயிர் மீளும்; புண்பட்ட மனம் எளிதில் மீளாது.

விளம்பரமும் விவேகமும்

உள்ளடக்கம் இன்னதென்று எழுதாத போத்தல்களில் மூலிகைத் தைலங்கள் பல நம் சந்தைகளில் விலையாகின்றன. வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக. இப்பொருள் இழையைப் பற்றுவதா, மயிர்க்காலைச் சென்றடைவதா? மருந்தின்றியே மீளும் உதிர்தலுக்கு இது பெயர் தட்டிக்கொள்கின்றதா? இதிற் கலந்தவை யாவை? இவற்றுக்கு விடையில்லையேல் பணத்தைக் காத்துக்கொள்க. மயிர்ச்சாயம் இடுவோரும் முன்கூட்டியே காதின்பின் சிறிது பூசி 48 மணிநேரம் பொறுத்துப் பார்த்தல் நன்று. அதிலுள்ள இரசாயனம் சிலர்க்கு முகம் வீங்கச் செய்யும்.

எப்போது மருத்துவரை நாடவேண்டும்? தலைத்தோலில் நோவு, சீழ், தடித்த செதில், வட்டமான உதிர்தல், மயிர்க்காலின் வாயே தெரியாது மழுங்கிய மினுக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாழ்த்தலாகாது. தழும்பாகும் நோய்களில் இழந்ததை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்கவே இயலும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே தோல்நோய்ச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. தைலத்துக்குச் செலவிடும் பணத்தையும், அதனினும் அரிய மாதங்களையும் இழக்குமுன் அங்குச் செல்வதே அறிவுடைமை.

வியர்வைக்கேற்ப வாரம் இரண்டு மூன்று முறை தலை முழுகுதல், முழுகியபின் நன்கு உலர்த்துதல், தளரக் கட்டுதல், சீப்பையும் துவாயையும் தத்தமக்கென வைத்துக்கொள்ளுதல், நிறைந்த உணவு உண்ணுதல் ஆகிய இவ்வெளிய ஒழுக்கங்களே தலைத்தோல் நலத்தின் பெரும்பகுதி. இவற்றுக்கு மேல் நிகழ்வனவற்றுள் சில பரம்பரையின் பயன். சில நோயின் பயன். முன்னையதை அமைதியோடு ஏற்பதும், பின்னையதைக் காலத்தே அறிந்து தீர்ப்பதும் கற்றவர் கடன். பாடிய புலவன் யாரென்று பாராது பாட்டின் பொருளை ஆராய்ந்த நக்கீரர் மரபிலே வந்த நாம், விற்பவன் யாரென்று மயங்காது அவன் கூற்றின் மெய்ம்மையை ஆராயப் பழகுவோமாக.